வாசிப்பு பற்றி முனைவர் பட்டம்: யாரிடம் சேர்வது?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கத்தில் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் தமிழ் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். எம்.ஏ. தமிழ், எம்.எட். இரண்டிலும் 60 சதவீதத்துக்கு மேல். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுகிறார்கள். வாசித்ததில் என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். இதையே பிஎச்.டி. ஆய்வாகச் செய்ய ஆசை. வெளிநாட்டில் எழுத்தறிவுக் கல்விக்கென்றே தனி முனைவர் படிப்பு இருக்கிறதாமே, இங்கே உண்டா? எனக்கு மூன்று பேராசிரியர்களைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் மூத்தவர், கல்வியியல்; இன்னும் இரண்டு ஆண்டில் ஓய்வு, ஆனால் இடம் இருக்கிறது என்கிறார். இரண்டாமவர் கல்வியியலில் இணைப் பேராசிரியர்; உளவியலும் புள்ளியியலும் அவர் பலம். மூன்றாமவர் மொழியியல் துறையில் உதவிப் பேராசிரியர், வயதில் இளையவர், தமிழ் எழுத்து கற்றல் பற்றி எழுதியிருக்கிறார். யாரிடம் சேரலாம்? அவர்கள் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? வேலையை விடாமல் முடியுமா?
- ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

முதல் பெயரை இன்றைக்கே அடித்துவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறைப்படி, ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிதாக ஆய்வாளரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. முன்பே சேர்ந்தவர்களுக்கு அவர் ஓய்வு நாள் வரை நெறியாளராகவும், அதன்பின் 70 வயது வரை இணை நெறியாளராகவும் தொடரலாம். அவர் சொல்லும் ‘இடம்’ எண்ணிக்கைக் கணக்கில் இருக்கலாம். உங்களுக்குக் கொடுக்க அது செல்லாது. ‘பெயரளவில் இன்னொருவர் பேரில் பதிவு பண்ணிக்கலாம், நான் பார்த்துக்கிறேன்’ என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று மரியாதையாக நகர்ந்துவிடுங்கள். கையெழுத்துப் போடுபவர் ஒருவர், வழி சொல்பவர் ஒருவர் என்றால் மூன்றாம் ஆண்டில் இரண்டு பேரும் கைவிரிப்பார்கள். மூத்தவரிடம் யோசனை கேட்கலாம், தாராளமாகக் கேளுங்கள். தமிழகத்தில் வாசிப்பு பற்றி இதுவரை யார் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

மற்ற இருவரிடமும் முதலில் கேட்க வேண்டியது எண்ணிக்கைதான். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். நெறியாளராக இருக்க முனைவர் பட்டத்தோடு பேராசிரியர், இணைப் பேராசிரியருக்குக் குறைந்தது 5 ஆய்விதழ்க் கட்டுரைகளும், உதவிப் பேராசிரியருக்கு 3 கட்டுரைகளும் வேண்டும். அவர் அந்தப் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ முழுநேர நிரந்தர ஆசிரியராகவும் இருக்க வேண்டும். ‘இப்போது உங்களிடம் எத்தனை பேர், யார் எந்த ஆண்டில் பதிவு செய்தவர்?’ என்று கேட்பதில் தவறில்லை. ஆறு பேரில் நான்கு பேர் ஐந்தாம் ஆண்டைத் தாண்டி நிற்கிறார்கள் என்றால் அது ஒரு தகவல்.

இனி, வெளிநாட்டு விஷயம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விப் புலத்துக்குள்ளேயே எழுத்தறிவுக்கு முனைவர் படிப்பு இருக்கிறது. ஆய்வாளராகப் போகிறவர்களுக்குப் பிஎச்.டி., பள்ளி நிர்வாகத்திலும் பயிற்சியிலும் இருப்பவர்களுக்கு எட்.டி. என்று இரண்டு தடம். அங்கே பாடம் எடுப்பவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. ஒருவர் சிறு பிள்ளைகளின் எழுத்து அறிதலை ஆராய்பவர், ஒருவர் வளர்ந்த மாணவர்கள் அறிவியல், வரலாற்றுப் பாடங்களை எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்ப்பவர், ஒருவர் எழுதுதல், ஒருவர் சிறார் இலக்கியம், ஒருவர் இருமொழிப் பிள்ளைகள். ஆய்வு முறை சொல்லிக்கொடுப்பவர் தனி. மாணவர் இந்தப் பலரிடமும் படித்து, அதில் மூன்று நான்கு பேரைத் தன் குழுவில் வைத்துக்கொள்கிறார்.

நம் பக்கம் இது கல்வியியல் பிஎச்.டி. என்ற ஒரே பெயருக்குள் அடங்குகிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், சென்னையில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் என்று நீங்கள் போகக்கூடிய இடங்கள் எல்லாவற்றிலும் பட்டத்தின் பெயர் கல்வியியல்தான். உங்கள் தலைப்புக்கு வேண்டிய ஆசிரியர்களோ நான்கு துறைகளில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களை ஒன்றுசேர்ப்பது உங்கள் வேலை. ஆகவே ‘யாரிடம் சேர்வது’ என்பதைவிட ‘யார் யாரைச் சேர்ப்பது’ என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் எதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறேன்.

வாசிப்பின் உளவியல் தெரிந்தவரிடம் உங்கள் கேள்வியைக் கூறுபோடக் கற்றுக்கொள்ளுங்கள். ‘வாசிக்கிறான், புரியவில்லை’ என்பது ஒரு கோளாறாகத் தெரிகிறது; உள்ளே இரண்டு மூன்று கோளாறுகள் இருக்கலாம். 1986-இல் கஃப், டன்மர் இருவரும் முன்வைத்த எளிய கணக்கு இன்றும் தொடக்கத்துக்குப் போதும்: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல்; ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். இதை வகுப்பிலேயே சோதிக்கலாம். ஒரே தரத்தில் இரண்டு பத்திகளை எடுங்கள். ஒன்றைப் பிள்ளை வாசிக்கட்டும், மற்றதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் ஐந்தைந்து கேள்வி. கேட்டதில் நான்குக்குப் பதில் சொல்லி, வாசித்ததில் ஒன்றுக்குத்தான் சொன்னால் கோளாறு எழுத்தில். கூட்டி வாசிப்பதிலேயே கவனம் முழுக்கக் கரைந்துபோகிறது. இரண்டிலும் ஒன்றுதான் என்றால் எழுத்துப் பயிற்சியை எத்தனை மாதம் கொடுத்தாலும் போதாது. ஏட்டுத் தமிழே அந்தப் பிள்ளைக்கு அந்நியமாக இருக்கிறது. இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுப்பதுதான் இந்தத் துறை ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் பிழை.

அடுத்தவர் மொழியியல்காரர். உங்கள் பட்டியலில் மூன்றாமவர். உளவியல்காரர் பயன்படுத்தும் அளவைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்காகச் செய்தவை. அவை தமிழில் எங்கே உடையும் என்று இவர்தான் சொல்ல முடியும். நிமிடத்துக்கு எத்தனைச் சொல் என்ற கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் என்று இலக்கு வைத்திருக்கிறது. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பது தமிழில் ஒரு சொல், 12 எழுத்து. ‘நீ வா’ என்பது இரண்டு சொல், இரண்டே எழுத்து. ஒரு பத்தியில் முதல் வகைச் சொற்கள் கூடினால் நன்றாக வாசிக்கும் பிள்ளையும் 40-இல் நிற்கும். அதனால் சொல் கணக்கோடு நிமிடத்துக்கு எத்தனை எழுத்து என்றும் எண்ணிவிட வேண்டும். பத்திகளை ஒப்பிடும்போது இரண்டாவதுதான் கைகொடுக்கும். எழுத்திலும் எல்லாம் ஒரே எடை இல்லை. ‘கி’யில் குறி மெய்யோடு ஒட்டியிருக்கிறது, ‘கெ’யில் ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது, ‘கொ’வில் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. தடுமாறும் பிள்ளை எந்த வகையில் தடுமாறுகிறது என்று பிழைப் பட்டியல் போடுவதற்கு இவர் வேண்டும்.

பேச்சு வழக்கு, ஏட்டு வழக்கு இடைவெளியும் இவர் பாடம்தான். வீட்டில் ‘போய்க்கிட்டு இருக்கயில’ என்று பேசும் பிள்ளைக்குப் புத்தகத்தில் ‘சென்றுகொண்டிருந்தபோது’ வருகிறது. ‘வாழை’யை ‘வாளை’ என்று வாசித்தால் பிழையா, வழக்கா? சோதனை தொடங்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்திருக்க வேண்டும். பாதியில் மாற்றினால் முதல் பள்ளி மதிப்பெண்ணும் கடைசிப் பள்ளி மதிப்பெண்ணும் ஒப்பிட முடியாதவை ஆகிவிடும். அண்ணாமலை, பாரதியார், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மொழியியல் துறைகள் உண்டு. மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இருக்கிறது. கன்னடப் பிள்ளைகள் எழுத்து கற்பது பற்றி சோனாலி நாக் செய்த ஆய்வுகளை அவசியம் தேடிப் படியுங்கள். எழுத்து முழுவதும் பிடிபட நம் மொழிகளில் ஏன் இத்தனை ஆண்டு ஆகிறது என்பதற்கு ஆங்கில ஆய்வுகளைவிட அவை நமக்குப் பக்கத்தில் நிற்கின்றன.

மூன்றாவது வகை ஆசிரியர் சமூகவியல் அல்லது மானிடவியல் பக்கத்தவர். எழுத்தறிவைத் தனித் திறனாகப் பார்க்காமல், மக்கள் எங்கே எதற்காக வாசிக்கிறார்கள், எழுதுகிறார்கள் என்று பார்ப்பவர். 1984-இல் பிரையன் ஸ்ட்ரீட் தொடக்கிவைத்த வழி இது. கல்வியியல் துறைகளில் இந்த ஆள் பெரும்பாலும் இருக்க மாட்டார், அதனால்தான் ‘கடலோரப் பிள்ளைகள் பின்தங்கியவர்கள், பெற்றோர் படிக்காதவர்கள்’ என்று இரண்டு வரியில் முதல் அத்தியாயத்தை முடித்துவிடுகிறார்கள். உங்கள் பக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். பாம்பனில் ஏற்றிய புயல் கூண்டு எத்தனையாம் எண் என்று கேட்டு, அதற்கு என்ன பொருள் என்று பள்ளிக்கூடம் போகாதவரும் சொல்வார். ஏலக்காரர் நோட்டில் பெயர், எடை, விலை, பிடித்தம் எல்லாம் இருக்கிறது. படகுக்குப் பதிவு எண், கடலுக்குப் போக டோக்கன். மாதா கோயிலில் வாசகம் வாசிக்கும் பெண்பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் மதரசாவுக்குப் போகும் பிள்ளை வலமிருந்து இடமாக அரபு எழுத்தைப் பிழையில்லாமல் ஓதும். பொருள் பிறகுதான் வரும் என்பது அங்கே எல்லாரும் அறிந்து ஏற்ற முறை. அதே பிள்ளை தமிழ்ப் பாடத்தையும் ஓதுவதுபோல வாசித்தால் அது சோம்பலா, ஓரிடத்தில் நன்றாகக் கற்ற பழக்கமா? இதற்கு விடை தேடுவதே ஒரு முழு ஆய்வு. உங்களுக்குக் கையில் வந்த வாய்ப்பு இதில்தான் அதிகம் என்பது என் கருத்து.

நான்காமவர் அளவீடும் புள்ளியியலும் அறிந்தவர். இவரை எல்லாரும் கடைசியில் தேடிப் போகிறார்கள். தரவு சேர்த்து முடித்த பிறகு ‘எந்த டெஸ்ட் போடலாம் சார்’ என்று நிற்பார்கள். அப்போது அவரால் செய்ய முடிவது கொஞ்சம்தான். காரணத்தைக் கணக்கிலேயே காட்டலாம். 6 வகுப்புகளில் 20 பேர் வீதம் 120 பிள்ளைகளைச் சோதிக்கிறீர்கள். ஒரு வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரே ஆசிரியர், ஒரே தெரு, ஒரே நூலகம்; அதனால் மதிப்பெண்களும் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். 0 முதல் 1 வரை போகும் அளவில் அந்த ஒற்றுமை 0.2 என்று வைத்துக்கொண்டால், வகுப்பில் மற்ற 19 பேருக்கும் சேர்த்து 1 + 19 × 0.2 = 4.8. உங்கள் 120 பேரை 4.8-ஆல் வகுத்தால் 25. அதாவது 120 பேரைச் சோதித்த உழைப்புக்கு 25 தனித்தனிப் பிள்ளைகளின் பலம்தான் கிடைக்கும். ஒரு பள்ளியில் புது முறை, இன்னொரு பள்ளியில் பழைய முறை என்று 30க்கு 30 ஒப்பிட்டு ‘என் முறை வென்றது’ என்று முடிக்கும் ஆய்வேடுகளில் வென்றது முறையா, அந்தப் பள்ளி ஆசிரியரா என்று பிரித்துச் சொல்ல வழியே கிடையாது. இதைச் சேரும் முதல் மாதத்திலேயே கேட்டிருந்தால் பிள்ளைகளைக் குறைத்து வகுப்புகளைக் கூட்டியிருக்கலாம்.

இப்போது உங்கள் இரண்டு பெயர்கள். நீங்கள் எம்.எட். என்பதால் கல்வியியல் துறையில் சேர்வதுதான் தடையில்லாத வழி, மொழியியலில் எம்.ஏ. தமிழை ஏற்பார்களா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. ஆகவே இரண்டாமவரை நெறியாளராகவும் மூன்றாமவரை இணை நெறியாளராகவும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு துறையிலிருந்தும் வேறு நிறுவனத்திலிருந்தும் இணை நெறியாளரை வைக்க யுஜிசி விதியில் இடம் உண்டு, பல்கலைக்கழக ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலைப் பதிவின்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் யார் பெயர் முதலில், எந்தக் கட்டுரையில் யார் என்ற சச்சரவில் போய் நிற்கும்.

ஆனால் இரண்டாமவருக்கு ஒரு பரீட்சை வைத்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகள் இருக்கும். மூன்றை இறக்கி வையுங்கள், முழுக்கப் படிக்க வேண்டாம். முதலில் கருவி பற்றிய அத்தியாயம். கேள்வித்தாளை மாணவரே உருவாக்கினாரா, எத்தனை பேரிடம் முன்னோட்டம் பார்த்தார், எந்தக் கேள்விகளை ஏன் நீக்கினார் என்று இருக்கிறதா? நம்பகத்தன்மைக்கு 0.7 என்று ஓர் எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். பிறகு அட்டவணைகள். ஆண், பெண், நகரம், கிராமம், அரசு, தனியார் என்று பிரித்துப் பிரித்து, இரண்டு குழுச் சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டு 40 அட்டவணை இருந்தால் மூடி வைத்துவிடலாம். 40 ஒப்பீட்டில் 5 சதவீத அளவில் இரண்டு ஒப்பீடுகள் சும்மாவே ‘குறிப்பிடத்தக்கது’ என்று வந்து நிற்கும். கடைசியாக, மூன்று ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பத்திகள் மூன்றிலும் வந்தால் அவர் மாணவர் எழுதியதைப் படிப்பதில்லை என்று பொருள். மூன்று ஆய்வேடுமே மனப்பான்மை அளவுகோல்தான், ஒரு பிள்ளைகூட ஒரு வரி வாசித்துக்காட்டவில்லை என்றால், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் உங்கள் தலைப்புக்கு அவர் ஆள் இல்லை. நான்காவது பெயர் ஒன்றைத் தேடுங்கள்.

அவரைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரே ஒரு பக்கம் இருக்கட்டும். என்ன பிரச்சினை என்று நான்கு வரி, உங்கள் வகுப்பில் மேலே சொன்ன இரட்டைச் சோதனையை 10 பிள்ளைகளிடம் செய்து பார்த்த முடிவு, அதிலிருந்து ஒரு கேள்வி, என்ன அளப்பீர்கள், எங்கே என்று. பயோடேட்டா தனித் தாள். மாவட்டம் முழுவதும் எல்லா வகுப்பும் என்று எழுதாதீர்கள். அனுபவமுள்ளவர் அதைப் பார்த்தவுடனே வேலை தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார். உங்கள் பேச்சைக் கேட்டு அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ‘நல்ல தலைப்பு’ என்று தலையாட்டினால் ஒன்றும் தெரியாது. ‘கேட்டுப் புரிதலை எப்படி அளந்தீர்கள், பத்தி இரண்டும் ஒரே தரம் என்று எப்படித் தெரியும்?’ என்று குறுக்கே கேட்டால் அவரிடம் சேரலாம். நீங்களும் கேட்கலாம்: எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை வாரத்தில் திரும்பி வரும், பகுதி நேர ஆய்வாளரைச் சனிக்கிழமை பார்ப்பீர்களா, தரவு யாருடையது? அவருடைய இப்போதைய ஆய்வாளர் ஒருவரிடம், அவர் இல்லாத இடத்தில், டீ வாங்கிக் கொடுத்துப் பேசிப் பாருங்கள். பட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை அவரைவிடத் தெளிவாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சேர்ந்தபின் கோர்ஸ் ஒர்க் என்ற பாட வகுப்புகள் வரும். குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு முறையியலோடு ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைகள் என்ற தாள் கட்டாயம். 55 சதவீதம் எடுக்காவிட்டால் ஆய்வேடு சமர்ப்பிக்க முடியாது. துறைப் பாடம் என்று ஒரு தாள் பெரும்பாலும் நெறியாளரே வகுப்பார். இந்த ஒரு தாளை விட்டுவிடாதீர்கள். வாசிப்பின் உளவியல், தமிழ் எழுத்து முறை, இந்திய மொழிகளில் தொடக்க வாசிப்பு ஆய்வுகள் என்று அதன் பாடத்திட்டத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பலர் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கும் வேலை மிச்சம். ஆய்வு ஆலோசனைக் குழு, பேச்சில் டாக்டரல் கமிட்டி, அரையாண்டுக்கு ஒருமுறை கூட வேண்டும். அதில் மற்ற உறுப்பினர்களை நெறியாளர் தனக்கு வேண்டியவர்களாகப் போட்டுவிடுவது வழக்கம். அளவீட்டுக்காரர் ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன 4.8 கணக்கை வைவா என்னும் இறுதி வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்பதைவிட முதல் கமிட்டியில் இவர் கேட்பது மேல்.

களப்பணியில் உங்கள் கரைக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன. வெளியூரில் இருக்கும் நெறியாளருக்கு இது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெற்றோர் வீட்டில் இருக்கும், பேட்டிக்கு வசதியான காலம் அது. பள்ளிக்கோ அதில் பெரும்பகுதி விடுமுறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் எச்சரிக்கை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளைச் சோதிக்க ஜூலை முதல் செப்டம்பர் வரை, பிறகு ஜனவரி முதல் மார்ச் பாதி வரை என்று இரண்டு சன்னல்கள்தான். பத்து வாரப் பயிற்சி ஒன்றைக் கொடுத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் முன்சோதனை, பயிற்சி, பின்சோதனை மூன்றும் ஒரே சன்னலுக்குள் அடங்க வேண்டும். வராத பிள்ளைகள் பற்றியும் திட்டம் வேண்டும். அம்மா பாசி எடுக்கப் போகும் நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் பெண், மீன் இறங்கும் நாளில் கரையில் நிற்கும் பையன் இவர்கள்தான் அதிகம் விடுபடுவார்கள். வாசிப்பில் தடுமாறுபவர்களும் பெரும்பாலும் இவர்களே. விட்டுவிட்டால் உங்கள் சராசரி பொய்யாக உயரும். ஒரு வாரத்துக்குள் திரும்பப் போய்ச் சோதிக்க நாள் ஒதுக்குங்கள்.

வாசிக்கக் கொடுக்கும் பத்தியில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘பிள்ளைகளுக்குப் பழக்கமான விஷயம்’ என்று கணவாய் மீன் பற்றியோ வலை பற்றியோ எழுதினால் பாதிப் பிள்ளைகள் வாசிக்காமலே பதில் சொல்லிவிடும். பத்தியைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் வேறு 10 பிள்ளைகளிடம் கேளுங்கள். மூன்று பேருக்கு மேல் சரியாகச் சொல்லும் கேள்வியைத் தூக்கிவிடுங்கள். ஒரு நிமிட வாசிப்புக்கு நடைமுறை இது: பார்த்திராத பத்தி, பெரிய எழுத்து, கைக்கடிகாரம் வேண்டாம், ஸ்டாப்வாட்ச். 3 விநாடி நின்றால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துப் பிழை என்று குறித்து நகருங்கள். தானே திருத்தினால் சரி. முதல் வரியில் ஒரு சொல்கூட வரவில்லை என்றால் அதோடு நிறுத்துங்கள், பிள்ளையை வதைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்து, ஐந்தில் ஒரு பங்கை இன்னொருவர் தனியாகத் திருத்த வேண்டும். சொந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்களே மதிப்பெண் போடாதீர்கள். அறியாமலே கை இளகும்.

தலைமையாசிரியர், நிர்வாகம், கல்வி அலுவலர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பிள்ளையின் சம்மதம் எல்லாம் வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டி, சாட்சியோடு கைநாட்டு வாங்கலாம். மண்டபம் மறுவாழ்வு முகாம் பிள்ளைகளையும் சேர்ப்பதாக இருந்தால் முகாமுக்குள் போக அரசு அனுமதி தனி. அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மஞ்சூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும் ஒருமுறை போங்கள். தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் உங்கள் பக்கத்து ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்பது தெரியாமல் இன்றைய ஆறாம் வகுப்பை விளக்க முடியாது.

வேலையை விட வேண்டாம், பகுதி நேரத்தில் செய்யலாம். தடையின்மைச் சான்றில் மூன்று வாசகம் இருக்க வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்கு நேரம் ஒதுக்கப் பணி இடம்கொடுக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு விடுவிக்கப்படுவார். மூன்றாவதை விட்டுவிட்டு நிர்வாகம் கொடுத்தால் திருப்பிக் கேளுங்கள், சேர்க்கையில் அதைத்தான் பார்ப்பார்கள். குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6. மறுபதிவில் 2 ஆண்டு. பெண்களுக்கு இன்னும் 2, ஆக மொத்தம் 10 ஆண்டு வரை. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. தபால் வழியாகவோ ஆன்லைனிலோ பிஎச்.டி. என்று யாராவது சொன்னால் அது செல்லாது. ராமேஸ்வரம், மானாமதுரை, காரைக்குடி ரயில் பாதை இருப்பதால் காரைக்குடி உங்களுக்குக் கைக்கு எட்டும் தூரம். கோர்ஸ் ஒர்க் வகுப்பு நாட்களைக் கேட்டுவிட்டுப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று யுஜிசி இப்போது கட்டாயப்படுத்துவதில்லை, சில பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. ‘பத்து நாளில் கட்டுரை, இவ்வளவு ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதையும், ஆய்வேடு எழுதித் தருவதாகச் சொல்லும் கடைகளையும் ஒதுக்குங்கள். எழுத்துக் களவு விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 40-க்கு மேல் போனால் ஓராண்டு வரை சமர்ப்பிக்க முடியாது, 60-க்கு மேல் பதிவே ரத்து. ஆய்வேட்டைத் தமிழில் எழுத ஆசை என்றால் சேரும் முன்பே பல்கலைக்கழக விதியைப் பாருங்கள்.

சேர்க்கைக்கு இப்போது பல இடங்களில் தேசியத் தகுதித் தேர்வான நெட் மதிப்பெண்தான்: அதற்கு 70, நேர்காணலுக்கு 30. ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வு. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 3 மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு இல்லை. பிஎச்.டி. சேர்க்கைக்கான அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். ஆகவே முதலில் நெறியாளர், பிறகு தேர்வு என்ற வரிசை நல்லது. தேர்வு எழுதிவிட்டு ஆள் தேடினால் ஓராண்டு ஓடிவிடும். இரண்டாம் தாளுக்குக் கல்வியியலைத் தேர்ந்தெடுங்கள், தமிழை அல்ல.